மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை, சுவரில் இருந்த தொலைபேசி இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றியதுதான். இறந்தவர்களின் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. எனக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் கைக்கு வந்தது. தொலைபேசி நிறுவனத்தில் எனக்கு இணைப்புகளின் தரம் சோதிக்கிற வேலை. இரைச்சல், எதிரொலி, விட்டு விட்டுக் கேட்கும் குரல், இவைதான் என் பிழைப்பு.

பெட்டிக்குள் இரண்டு கம்பிகள் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. கூடுதல் இரண்டையும் யாரோ பொறுமையாகப் பற்றவைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. அதனால் பயம் கூடியது. என் அம்மாவின் போனை யாரோ ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள்.

மற்றவற்றை அதன் பிறகுதான் கவனித்தேன். ஹால் தரையில் வெள்ளை டேப்பில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். அலமாரி இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. ஜன்னல் சட்டத்தில் புதிய ஆணிகள். அம்மாவின் குச்சியைக் காணவில்லை.

குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையின் பெண்கள் வாசலில் சோதனை போடுகிறவளாக இருந்தாள். வேலை முடிந்து வெளியேறும் ஒவ்வொருத்தியின் பையையும் திறந்து பார்க்க வேண்டும். கடிகாரத்தின் உள்பாகங்கள் அரிசியைவிடச் சின்னவை. சாப்பாட்டு டப்பாவின் மூடி இடுக்கில், குடையின் மடிப்பில், கூந்தலில் எங்கு வேண்டுமானாலும் போகும். அடி ஸ்கேல் நீளத்தில் ஒரு மரக்குச்சி வைத்திருந்தாள். நுனியில் துணி சுற்றியிருக்கும், யாருடைய பொருளும் கீறிவிடக் கூடாது என்று. அதைப் பைக்குள் விட்டுத் துழாவுவாள். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "எக்ஸ்ரேக்கா, நேத்து ராத்திரி நான் சாப்பிட்டது தெரியுதா?" என்று ஒருத்தி கேட்க, "அது தெரியல. இன்னிக்கு டப்பால பாதிய மீதி வச்சது தெரியுது. உடம்பு சரியில்லையா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பள்ளி விட்டதும் அந்த வாசலில்தான் காத்திருப்பேன்.

ஒருமுறை தவறு செய்தாள். நடையில் ஏதோ மாற்றம் என்று ஒருத்தியைத் தனியே கூட்டிப்போய்ச் சோதித்தாள். ஒன்றும் இல்லை. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள், வீட்டில்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரிசையில் வந்து நின்றால், அம்மா முதலில் தன் கைப்பையைத் திறந்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் அவளுடையதைக் கேட்டாள்.

வீட்டிலும் அதே கண்தான். "மடியில கனம் இல்லேன்னா வழியில என்னடி பயம்? பையத் தொற." நான் திறந்துவிடுவேன். நானும் தோழிகளும் சேர்ந்து ஏதாவது செய்துவிட்டு வந்தால் எங்களை ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே விசாரிப்பாள். அவளுக்கு அதில் ஒரு விதி இருந்தது. "மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா, பேசி வச்சிக்கிட்டு வந்திருக்காளுங்கன்னு அர்த்தம். நடந்தது நடந்தபடி சொல்றவ, ஆளுக்கு ஒண்ணுதான் சொல்லுவா."

ஓய்வு பெற்றபோது அந்தக் குச்சியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இப்போது ஆணி மட்டும் இருந்தது.

மாமாவைக் கேட்டேன். அம்மாவின் தம்பி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

"யாரு மாமா இங்க வந்து போயிட்டிருந்தது?"

"சினிமா எடுக்கிற பசங்க. காலேஜுப் படிப்பாம், அதுக்குப் பரீட்சையே சினிமா எடுக்கறதுதானாம். நம்பற மாதிரியா இருக்கு? நான் அப்பவே சொன்னேன். உங்கம்மா யார் பேச்சக் கேட்டா?"

"அம்மா வீட்டைக் குடுத்தாளா?"

"வீட்ட மட்டுமா? நடிச்சிருக்கா!"

"அம்மாவா?"

"நானும் இப்படித்தான் வாயப் பொளந்தேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஒரு நாள் வந்து பாத்தா, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, நடு ஹால்ல ஒத்த நாற்காலி. என்னக்கா இது, எழவு வீடு மாதிரின்னு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன்ல ஏதாவது பண்ணினாங்களா மாமா?"

"எனக்கென்ன தெரியும்? அந்த நெட்டையன், டைரக்டராம், அவன் நம்பர் இருக்கு. பேசு. ஆனா பாத்துப் பேசு. பூனை மாதிரி இருப்பான், பாலும் குடிப்பான்."

அப்போதுதான் எனக்குக் கொசு ஞாபகம் வந்தது.

அம்மா கடைசியாகப் பேசிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும், நான் "ஹலோ" என்றதும் ஒரு கைதட்டல் கேட்டது. முதல் முறை அது என்ன சத்தம் என்று கேட்டபோது "கொசுடி" என்றாள். மூன்று வாரமும் கொசு. மூன்றும் நான் ஹலோ சொன்ன அதே நொடியில் சாக வந்த கொசுக்கள். குரலும் கூடம் காலியானது போல ஒலித்தது. வேலையிடத்தில் இப்படி ஒரு அழைப்பு வந்தால் உடனே கிளறியிருப்பேன். அம்மாவின் குரல் என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசி ஞாயிறு நான் கேட்டேன்: "அடுத்த வாரம் லீவு இருக்கும்மா. வரட்டுமா?"

"வேணாம். நீ வராத. இங்க எல்லாம் சரியா இருக்கு. வச்சிடறேன்."

நான் போகவில்லை. அந்த வாரம்தான், ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை.

இதில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "நீ வராத" என்று என்னிடம் சொன்னது யார்? என் அம்மாவா, அல்லது எவனோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்த நடிகையா?

டைரக்டருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அளவுக்கு மீறிய மரியாதை. "அக்கா... ரொம்ப வருத்தமா இருக்குக்கா. நாங்களே வரணும்னு இருந்தோம்."

"ஏன் வரல?"

"எடிட்டிங் போயிட்டிருக்குக்கா. நேர்ல பேசலாமே."

போனில் பேச விரும்பாதவனை நான் எப்போதும் குறித்துக்கொள்வேன்.

கல்லூரியில் அவர்களுடைய எடிட்டிங் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். மூன்று பேர். நெட்டையான டைரக்டர், பேசாமலே இருந்த கேமராப் பையன், கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய சவுண்டுப் பெண். நான் உள்ளே நுழைந்ததும் அவள் கை தானாக நகர்ந்து திரையை அணைத்தது.

"ஏன் அணைச்சீங்க?"

"பாதியில இருக்குக்கா," என்றாள்.

"என் அம்மா போன் பெட்டியில வயர் இழுத்தது யாரு?"

அவள் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல. நல்ல பற்றவைப்பு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"என்னோட பேசினதெல்லாம் பதிவு பண்ணினீங்களா?"

டைரக்டர் முந்திக்கொண்டான். "போன்ல அம்மா பேசினது எல்லாமே ஸ்கிரிப்ட்ல இருந்த வசனம்தான்க்கா. அவங்க நடிச்சது மட்டும்தான் நாங்க எடுத்தது."

கேமராப் பையனைப் பார்த்தேன். "போன்ல அம்மா பேசினது எல்லாமே ஸ்கிரிப்ட்ல இருந்த வசனம்தான்க்கா," என்றான். சவுண்டுப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "எல்லாமே ஸ்கிரிப்ட்ல இருந்த வசனம்தான்."

எனக்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு பேரும் நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க," என்றேன். "எங்கம்மாகிட்டயே பழகிட்டு, இந்த ஒண்ணக் கத்துக்காம விட்டுட்டீங்களே."

கிளம்பினேன். கதவருகே போனதும் பின்னால் ஜிப் திறக்கும் சத்தம். திரும்பினேன். கேமராப் பையன் தன் பையைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். டைரக்டர் அவன் முழங்கையை இடித்தான். "டேய், அவங்க இல்லடா." பையனின் காது சிவந்துவிட்டது. நான் வெளியே வந்துவிட்டேன். அந்தத் திறந்த பைதான் அடுத்த இரண்டு நாளும் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை காலை அவர்களே வீட்டுக்கு வந்தார்கள், மூன்று பேரும். சவுண்டுப் பெண்ணின் கையில் ஒலிப்பதிவுக் கருவி. உட்காரச் சொல்லவில்லை. அம்மாவின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"அன்னிக்குப் பொய் சொன்னோம்க்கா," என்றாள் அவள். "காலேஜ்ல புகார் குடுத்துடுவீங்களோன்னு பயம்."

"இப்ப பயமில்லையா?"

"இருக்கு."

அவள் சொன்னது இது. அவர்களுடைய படம் ஒரு தாயைப் பற்றியது. கடைசிக் காட்சியில் அவள் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போன் செய்து, "ஒரு தடவ வந்துட்டுப் போயேன்" என்று சொல்ல வேண்டும். முதலில் அம்மாவிடம் வீடு மட்டும்தான் கேட்டார்கள். நடிக்க வேறொரு அம்மாளைக் கூட்டி வந்தார்கள். முதல் நாள் மாலை அந்த அம்மாள் கிளம்பும்போது, அம்மா கதவுக்குக் குறுக்கே நின்று கைப்பையைத் திறக்கச் சொன்னாளாம். அந்த அம்மாள் அடுத்த நாள் வரவில்லை.

"நான் தலையில கைய வச்சிட்டு உக்காந்துட்டேன்," என்றான் டைரக்டர். "'நீங்க தொரத்தின ஆளோட எடத்த நீங்களே நெரப்புங்க'ன்னு கோவத்துல சொன்னேன். 'சரி, எங்க நிக்கணும்?'னுட்டாங்க. தரையில டேப் ஒட்டிக் காட்டினோம்."

பைச் சோதனை மட்டும் நிற்கவில்லை. தினமும் மாலை மூவரும் வரிசையாக நிற்க வேண்டும். முதல் வாரம் முணுமுணுத்திருக்கிறார்கள். ஒரு நாள் கேமராவின் நினைவு அட்டை காணாமல் போய், இவன் மேல் அவள், அவள் மேல் இவன் என்று பழி போட்டு, படமே நின்றுவிடும் நிலை. அம்மா குச்சியால் துழாவி, டைரக்டரின் பைக்குள் இருந்த சாக்ஸிலிருந்து அதை எடுத்தாள். "ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்பட்டா சண்டை. நான் எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டா உங்களுக்குள்ள சண்டையே இல்ல," என்றாளாம். அதற்குப் பிறகு காலையில் கொண்டுவந்ததும் மாலையில் கொண்டுபோவதும் அவள் கண் வழியாகத்தான். அதுவே அவர்கள் வேலைமுறை ஆகிவிட்டது.

போன் காட்சிதான் வரவில்லை. இணைப்பில்லாத செத்த போனில் அம்மாவால் பேச முடியவில்லை. மறுமுனை பேசுவதற்கு இடம் விடாமல் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "அந்தப் பக்கம்தான் யாரும் இல்லையே, யாருக்காக நிறுத்தணும்?" என்று கேட்டாளாம். டைரக்டர்தான் யோசனை சொன்னான். நிஜமாகவே மகளைக் கூப்பிடுங்கள், பேச்சு நடுவில் அந்த வசனத்தைச் சொல்லிவிடுங்கள். என்னிடம் சொல்லக் கூடாது என்றது அம்மா. "சொன்னா அவளும் நடிக்க ஆரம்பிச்சிடுவா." நான் எங்கே நிறுத்திப் பேசுகிறேன் என்று கேட்கச் சவுண்டுப் பெண் கம்பி இழுத்தாள். ஒலியும் படமும் பொருந்துவதற்காகத் தட்டும் கிளாப் பலகையைத் தட்டினால் எனக்குக் கேட்டுவிடும் என்று கையைத் தட்டினார்கள். கொசு அம்மாவின் சொந்தச் சரக்கு.

"அப்ப 'நீ வராத'ன்னு சொன்னது?"

"அதுதான்க்கா பிரச்சனை," என்றான் டைரக்டர். "மூணு தடவையும் வசனத்தச் சொல்லவே இல்ல. மூணாவது தடவ நேர் எதிரா சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்திடுச்சு."

"நீங்களே கேளுங்க," என்று சவுண்டுப் பெண் கருவியை மேசை மேல் வைத்து ஹெட்ஃபோனை நீட்டினாள்.

என் "ஹலோ". கைதட்டல். கொசு. நான் பேசுகிறேன், என் குரல் எனக்கே அவசரமாகப்பட்டது. வரட்டுமா என்கிறேன். அம்மா ஒரு இடைவெளி விடுகிறாள். "வேணாம். நீ வராத. இங்க எல்லாம் சரியா இருக்கு. வச்சிடறேன்." நான் துண்டித்த ஒலி. பிறகு டைரக்டரின் குரல், தூரத்திலிருந்து: "என்னம்மா இது! வான்னு சொல்ல வேண்டிய எடத்துல..."

அம்மாவின் குரல்: "அத அவகிட்ட சொன்னா அவ நிஜமாவே கெளம்பி வந்துடுவாடா. ஊரையே சந்தேகப்படுவா, என்னைத் தவிர. ஒரு பொய்க்காக அவ லீவ வீணாக்கணுமா? இரு. போன் கையிலதான இருக்கு. கேமராவ நிறுத்தாத."

ரிசீவர் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது. மறுமுனை செத்துவிட்ட ஒலி தாளம் போடுகிறது. அந்த ஒலியோடு அம்மா பேசத் தொடங்கினாள்.

"ம்... சாப்பிட்டியா?" இடைவெளி. "சரி." இடைவெளி. நான் வழக்கமாகப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் அதே அளவு. நான் அலுத்துக்கொள்ளும் இடத்தில் லேசாகச் சிரித்தாள். அதன் பிறகு, "ஒரு தடவ வந்துட்டுப் போயேன்."

நீண்ட இடைவெளி.

"ம். சரி, முடிஞ்சப்போ வா."

ரிசீவரை வைக்கும் சத்தம். காட்சி முடிந்ததும் அவளே கை தட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம், ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காக. தட்டினாள். உடனே தட்டவில்லை.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும். எதிரொலியைக் கேட்டேன், அறையின் இரைச்சலைக் கேட்டேன். அவள் மூச்சைக் கேட்டேன். குரலில் நடுக்கம் இல்லை. நல்ல நடிகைக்கும் நடுக்கம் இருக்காது, நடிக்காத என் அம்மாவுக்கும் இருக்காது. "முடிஞ்சப்போ வா" என்பது ஸ்கிரிப்டில் உண்டா என்று கேட்டேன்.

"இல்லக்கா," என்றாள் சவுண்டுப் பெண்.

"அது இருந்துச்சோ என்னமோ, மொதல் வரைவுல," என்றான் டைரக்டர்.

"எனக்கு ஞாபகம் இல்ல. நான் ஃபோகஸப் பாத்துட்டிருந்தேன்," என்றான் கேமராப் பையன். "அவங்க கண்ணு மட்டும்தான் பாத்தேன்."

"கண்ணு எப்படி இருந்துச்சு?"

அவன் வெகுநேரம் யோசித்தான். "கதவப் பாத்துட்டு இருந்துச்சுக்கா."

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

"இந்த ஷாட்டு இல்லாம படம் இல்லக்கா," என்றான் டைரக்டர். அவன் குரலில் இப்போது அந்த மரியாதை இல்லை, பயம்தான் இருந்தது. "ஆனா நீங்க வேணாம்னா எடுத்துடறோம். மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"அதையும் பேசி வச்சிட்டுத்தான் வந்தீங்களா?"

"ஆமா," என்றாள் சவுண்டுப் பெண். "அது ஒண்ணுலதான் மூணு பேருக்கும் ஒத்துப்போச்சு."

ஹெட்ஃபோனை அவளிடமே நீட்டினேன். அவர்கள் கருவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். போய், நின்றார்கள். வரிசையாக. பைகளைத் திறந்து பிடித்துக்கொண்டு. இந்த முறை யாரும் யாரையும் இடிக்கவில்லை.

நானும் போய்க் கதவருகே நின்றேன், அம்மா நின்றிருக்கக்கூடிய இடத்தில். தரையில் அங்கும் ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி இருந்தது. டைரக்டரின் பையில் லென்ஸ் துடைக்கும் துணி, கசங்கிய சட்டை. கேமராப் பையனின் பையில் கேமரா மட்டும். சவுண்டுப் பெண்ணின் பையில் கம்பிச் சுருள்கள், ஹெட்ஃபோன், ஒலிப்பதிவுக் கருவி. அவற்றுக்கு அடியில் அம்மாவின் குச்சி.

அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டாள். "அம்மாதான் குடுத்தாங்க. ஷூட்டிங் கடைசி நாள். 'இனிமே நீங்களே பாத்துக்குங்க'ன்னு."

"எனக்குக் குடுத்தாங்கன்னு நெனச்சேன்," என்றான் டைரக்டர். "நான்தான் ஒழுங்கா இல்லைன்னு."

"குடுக்கல. மறந்து வச்சிட்டாங்க, நாமதான் எடுத்துட்டு வந்துட்டோம்," என்றான் கேமராப் பையன்.

மற்ற இருவரும் அவனை முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு முதல் சிரிப்பு. கூடவே வேறொன்றும் வந்தது, அதைத் துடைத்துக்கொண்டேன்.

கருவியை எடுத்துவிடலாம். கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில்தான் என் அம்மா என்னை வரச் சொல்கிறாள், அல்லது வரச் சொல்வதாக நடிக்கிறாள். அது என்னிடம் இருந்தால் ஆயுசுக்கும் கேட்டுக் கேட்டு ஆராய்ந்துகொண்டிருப்பேன். ஒரு முடிவும் வராது.

குச்சியை எடுத்து, துணி சுற்றிய நுனியால் கருவியைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினேன், வழியில் விழுந்துவிடாமல் இருக்க. குச்சியையும் அதன் பக்கத்திலேயே போட்டேன். ஜிப்பை நானே இழுத்து மூடினேன்.

"போங்க," என்றேன். "படத்துல கைதட்டலையும் வைங்க. வெட்டிடாதீங்க."

"அது எல்லாப் படத்துலயும் வெட்டறதுதானக்கா?" என்றான் டைரக்டர்.

"வைங்க. கொசுன்னு நெனச்சுக்குவாங்க."